அழைப்பிதழின் பின்புறத்தில் ஒரு கணக்கு

திருமுதுகுன்றத்தை அடுத்த சிற்றூரில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற திங்கள் ஒரு காரிக்கிழமை மாலை என் வீட்டிற்கு வந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தூய தமிழிலேயே பேசியும் எழுதியும் வருபவர். தம் மக்கள் மூவருக்கும் தனித்தமிழ்ப் பெயரே சூட்டியவர். மூத்த மகனுக்கு வருகின்ற சுறவத் திங்களில் மணம் உறுதியாகியிருப்பதாகவும், அழைப்பிதழில் பிறமொழிச் சொல் ஏதும் ஒட்டிக்கொண்டிராதபடி பார்த்துத் தரவேண்டும் என்றும் கூறி, நான்காக மடித்த தாளொன்றை என்னிடம் நீட்டினார்.

படித்தேன், நெஞ்சு குளிர்ந்தது. 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' என்று தொடங்கும் பழைய குப்பை அதில் இல்லை. தீ வளர்த்தல் இல்லை. பொருள் விளங்கா வடமொழி ஓதல் இல்லை. நல்ல நேரம் கெட்ட நேரம் பார்த்தல் இல்லை. முன்னாள் மாலை 6 மணிக்கு வரவேற்பு. மறுநாள் காலை 7 மணிக்கு மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வர்; சான்றோர் வாழ்த்துவர். உற்றார் முன்னிலையில், இருவரும் அறிந்த மொழியில், ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ கணையாழியோ மாற்றிக்கொண்டாலே அது செல்லும் மணம் என்று 1967-இல் அண்ணா அரசு சட்டம் செய்து வைத்த பின்னும், நம்மவருள் எத்தனைப் பேர் அதனைத் துணிந்து கைக்கொள்கின்றனர்? இவர் கைக்கொண்டிருக்கிறார். இரண்டிடத்தில் வல்லொற்று மிகாதிருந்தது, மிகுவித்தேன். வேறு குறையில்லை.

தாளைத் திருப்பினேன். பின்புறத்தில் கரிக்கோலால் செலவுப் பட்டியல் இருந்தது. அரிசி மூன்று சிப்பம், வாழையிலை, காய்கறி, நாகசுரக் குழுவினர்க்கு முன்பணம், 'வந்தவர்க்கெல்லாம் திருக்குறள் கைந்நூல், 600 படி, 18,000 உருவா' என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்து, 'செலவு மிகுதி, வேண்டா' என்று குறித்திருந்தது. அதற்கும் கீழே, வேறொரு கையெழுத்தில், 'நண்பர் செலவு' என்னும் தலைப்பில் சில எண்கள்: 60, 180, 15, 24, 72, 34,560.

"இஃதென்ன?" என்றேன். நண்பர் முகம் சுண்டிப்போயிற்று. "பையன் போட்ட கணக்கு, ஐயா. தாளை மாற்றி எடுத்து வந்துவிட்டேன்" என்றார்.

தாளை அவர் மாற்றி எடுத்து வந்தது நல்லதாயிற்று என்றே எண்ணுகிறேன். அந்த ஆறு எண்களைப் பற்றித்தான் இக்கட்டுரை.

மறுநாள் மகனே வந்தான். படித்த பிள்ளை, பொறியியல் கற்றவன், ஒளிவு மறைவு அறியாதவன். "கணக்கை விளக்கு, தம்பி, நான் உன்னைக் கடிந்துகொள்ளப் போவதில்லை" என்றேன். விளக்கினான். முதலில் கைப்பேசியில் ஏதோ வெளிநாட்டு வழிகாட்டியைப் பார்த்தானாம். விருந்தினர் ஒருவருக்கு முதல் மணிக்கு இரண்டு குவளை, பின் ஒவ்வொரு மணிக்கும் ஒன்று என்று வைத்துப் பெருக்கிக்கொள்ளவேண்டும் என்று அதில் இருந்ததாம். நான்கு மணி நேர விழா, 600 பேர் என்றால் 3,000 குவளை. குவளைக்கு 45 மி.லி. என்றால் 135 இலிட்டர், முழுப்புட்டி 180, பெட்டிக்குப் பன்னிரண்டாகப் பதினைந்து பெட்டி! அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆணும் பெண்ணுமாக அமர்ந்து உணவோடு குடிக்கும் வழக்கமுடைய நாட்டார்க்கு எழுதிய வாய்பாடு அது. நம் பாட்டியையும் கைக்குழந்தையையும் சேர்த்து எண்ணினால் அப்படித்தான் வரும்.

பிறகு தானே ஒரு கணக்குப் போட்டான். பெண்டிரையும் சிறுவரையும் நீக்கினான். முதியவரையும் ஆசிரியன்மாரையும் நீக்கினான். தன் தோழர், உடன் பணியாற்றுவோர், இளைய உறவினர் என 60 பேர் நின்றனர். ஆளுக்கு ஒரு 'கால்', அஃதாவது 180 மி.லி. விசுக்கியோ பிராந்தியோ. ஆக 10.8 இலிட்டர். முழுப்புட்டி 750 மி.லி. ஆகலின் பதினான்கரைக்குச் சற்றுக் குறைவு. பதினைந்து எனக் கொண்டான். அங்கேதான் ஓர் அச்சம் வந்து நுழைந்தது. 'குறைந்துவிட்டால்?' குறைந்துவிட்டால் மணவீட்டார்க்கு இழுக்கன்றோ! எனவே பாதி கூட்டினான், பெட்டிக் கணக்கில் முழுமையாக வரட்டும் என்று இன்னும் கூட்டினான், 24 ஆயிற்று. பீர் ஆளுக்கொன்று என்று 60. அதையும் பெட்டிக் கணக்காக்கி 72. விலை 34,560 உருவா. சோடாவும் தாட்குவளையும் வறுவலும் விடுதியில் இரண்டு அறைகளின் வாடகையும் இதிற் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் 45,000-த்தைத் தொடும் என்றான். திருக்குறள் கைந்நூல் 18,000 உருவாவில் செலவு மிகுதியாகிவிட்ட அதே தாளில்!

நான் சமையற்காரன் அல்லேன். எனினும் ஊரில் எவர் வீட்டு மணம் என்றாலும் அரிசிக் கணக்குப் போட என்னை அழைப்பர். அப்பட்டறிவால் சொல்கிறேன். அரிசிக் கணக்கு வேறு, இக்கணக்கு வேறு. ஓர் ஆழாக்கு அரிசி கூடினால் யாருக்கும் கேடில்லை. கிலோவுக்கு எட்டு இலை என்று கொண்டால் 600 இலைக்கு 75 கிலோ, மூன்று சிப்பம். வயிறு என்று ஒன்று இருக்கிறது. அது நிறைந்ததும் கை தானாக இலையை மூடுகிறது. 'போதும்' என்று நாவாரச் சொல்லவைக்கும் பொருள் சோறு ஒன்றே. மிஞ்சினால் தெருவிலுள்ளவர்க்குப் போகும். ஏதிலியர் இல்லத்துக்குப் போகும். ஒன்றுமில்லையேல் மாட்டுக்குப் போகும். ஆகவே சோற்றில் கூட்டிப் போடுவது விருந்தோம்பல். அதனை நம் முன்னோர் கடமையாகவே கொண்டனர்.

வெறிநீரில் 'போதும்' என்னும் எல்லை உடலில் இல்லை. முதல் குவளைக்குப் பின் அவ்வெல்லையைக் காட்டவேண்டிய அறிவே மங்கத் தொடங்குகிறது. மிஞ்சியது தெருவுக்குப் போவதில்லை. ஏதிலியர் இல்லத்துக்கும் போவதில்லை. எந்தத் தொண்டைக்குள் முதற்பங்கு சென்றதோ அதே தொண்டைக்குள்தான் மிச்சமும் செல்லும். குறையக்கூடாதென்று கூட்டிய ஒவ்வொரு புட்டியும், முன்னமே மிகுதியாகக் குடித்தவனுக்கென்றே வாங்கிய புட்டி. சோற்றில் பெருந்தன்மையாக இருப்பது இங்கே நஞ்சாகிறது. பந்தி பரிமாறப் பழகிய அதே மனப்பாங்கோடு புட்டிக் கணக்கையும் போடுகிறார்களே, பிழை அங்கேதான் தொடங்குகிறது.

அதனை அவனுக்குக் காட்டவேண்டி, "அந்த 60 பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்" என்றேன். சொன்னான். ஒவ்வொரு பெயருக்கும் 'இவர் குடிப்பாரா?' என்று கேட்டேன். 'இவன் தொடமாட்டான்', 'இவன் மனைவியோடு வருவான், எட்டு மணிக்கே போய்விடுவான்', 'இவனுக்கு மருத்துவர் தடை செய்திருக்கிறார்', 'இவன் சோடாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்' என்று 22 பேர் கழிந்தனர். எஞ்சியவர் 38. அவனே வியந்துபோனான். தொடாத 22 பேரைக் கேளாமலே அவன் கணக்கு குடிப்பவராக்கி வைத்திருந்தது; அவர்கள் பங்கையும் வாங்கி வைக்க இருந்தது.

இப்போது வகுத்துப் பாருங்கள். 24 புட்டி, 18 இலிட்டர். அதனை 38-ஆல் வகுத்தால் ஆளுக்கு ஏறத்தாழ 474 மி.லி. 'ஆளுக்கு ஒரு கால்' என்று தொடங்கிய கணக்கு, இரண்டரைக் காலுக்கும் மேல் போய் நிற்கிறது. அதன்மேல் பீர் ஆளுக்கு இரண்டு புட்டி அளவில். நிரவல் என்பதே இப்படித்தான் கண்ணைக் கட்டும். குடியாதவனையும் சேர்த்து நிரவினால் எண் சிறிதாகத் தோன்றும். ஆனால் குடியாதவன் பங்கு குடியாமல் நிற்பதில்லையே!

இனி அந்த ஒரு 'கால்' என்பதுதான் என்ன? நம் நாட்டில் விற்கும் விசுக்கி, பிராந்தி வகைகளில் வெறியம் நூற்றுக்கு 42.8 பங்கு. 180 மி.லி.யில் 77 மி.லி.; எடையில் ஏறத்தாழ 61 கிராம். மாந்தனின் கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்துக் கிராம் வரையே அதனை எரித்துத் தள்ள வல்லது. புளித்த மோர் குடித்தாலும், தலையில் நீர் ஊற்றினாலும், கடுங்குளம்பி பருகினாலும் அவ்விரைவு கூடாது. ஆக ஒரு கால் உடலைவிட்டு நீங்க ஆறு மணியிலிருந்து எட்டரை மணி நேரம் ஆகும். நம் தம்பியின் கணக்குப்படி 474 மி.லி. என்றால் 160 கிராம். பீரைச் சேர்க்காமலே பதினாறு மணி நேரத்திற்குக் குறையாது. இரவு 10 மணிக்குத் தொடங்கியவன் மறுநாள் நண்பகலுக்குப் பின்னரே தெளிவான். காலை 7 மணிக்கு மாலை மாற்றும்போது, மேடைக்கு எதிரே முதல் வரிசையில் இருக்கவேண்டிய 38 நண்பர்களும் எந்நிலையில் இருப்பர்? அவர்களுள் எத்தனைப் பேர் இருசக்கர வண்டியில் வந்தவர்?

இதனை நான் நூலில் படித்து மட்டும் சொல்லவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் இதுபோன்றதொரு தமிழ்முறை மணத்திற்கு வாழ்த்துரை கூறப் போயிருந்தேன். மணமகன் என் பழைய மாணவன். அவன் தோழனும் என் மாணவனே. ஒரே வாங்கில் அமர்ந்து என்னிடம் தொல்காப்பியம் படித்தவர்கள். முன்னாள் மாலை வரவேற்பில் பேசினேன். பேசிவிட்டு 7 மணிக்கெல்லாம் எழுந்துவிட்டேன். கூடத்தின் பின்புறம் ஓர் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இளைஞர் சிலர் உள்ளே போவதும் கதவைச் சாத்துவதுமாக இருந்தனர். எனக்குத் தெரியும், அன்பர்களே. தெரிந்தே பாராதவன்போல் நடந்தேன். 'மேடையில் தமிழ் இருக்கிறது. அது போதும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாட் காலை மேடையில் எல்லாரும் காத்திருந்தோம். மாலைகள் வரவில்லை. பூக்கடைக்கு மாலை எடுக்கப் போனவன் அந்தத் தோழன். விடியல் நான்கரை மணிக்குப் புறப்பட்டிருக்கிறான். வழியில் பின்விளக்கின்றி நின்றிருந்த கரும்பு வண்டி ஒன்றில் மோதிவிட்டான். அவ்விடத்திலேயே உயிர் போயிற்று. 'அவன் தெளிவாகத்தானே இருந்தான்! நாலு மணிக்கு எழுந்து குளித்துவிட்டுத்தானே போனான்!' என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவனும் அப்படித்தான் எண்ணியிருப்பான். இரவு 11 மணியளவில் இரண்டு கால் குடித்தான் என்று பின்னர்த் தெரிந்தது. 122 கிராம். ஐந்தரை மணி நேரத்தில் எவ்வளவு விரைவாகக் கழிந்திருந்தாலும் 55 கிராம், எஞ்சியது 67. அஃதாவது, அவன் வண்டியை உதைத்துக் கிளப்பியபோது அப்போதுதான் ஒரு முழுக் காலைக் குடித்து முடித்தவனுக்கு ஒப்பாக இருந்திருக்கிறான். 100 மி.லி. குருதியில் 30 மி.கிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுதல் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. அச்சட்டம் எழுதியவர்க்குத் தெரிந்த செய்தி, குளித்தால் தெளியும் என்று நம்பிய அந்த இளைஞனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தொல்காப்பியம் சொல்லித்தந்த எனக்கும் தெரியவில்லை.

அந்த மணத்திற்கு யார் புட்டிக் கணக்குப் போட்டார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் எப்படி உறங்குவார்? அவர் யாரையும் கொல்ல எண்ணியவர் அல்லர். குறையக்கூடாது என்று எண்ணியவர், அவ்வளவுதான்.

இங்கே அறிவுடைய அன்பர் சிலர் ஒரு தடை எழுப்புவர். 'கழகக் காலத் தமிழர் கள் உண்ணவில்லையா? அதியமானும் ஔவையும் ஒருங்கிருந்து உண்டதைப் புறநானூறு சொல்லவில்லையா? கள், தேறல், நறவு, தோப்பி, மட்டு என்று இத்தனைச் சொல் படைத்த மொழியில் இவ்வளவு கடுப்பு ஏன்?' என்பர். தடை நேர்மையானது. அதனை மறைப்பவன் தமிழறிஞன் அல்லன். தமிழன் என்றும் கள்ளைத் தொட்டதில்லை என்று மேடையில் முழங்குவோர் புறநானூற்றைத் திறந்து பார்த்ததில்லை என்றே பொருள்.

ஆனால் இரண்டு செய்திகளைக் கருதவேண்டும். ஒன்று, பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறக்கும் கள்ளில் வெறியம் நூற்றுக்கு நான்கைந்து பங்களவே. எந்தச் சாற்றைப் புளிக்கவைத்தாலும் பதினைந்தின் பக்கம் வரும்போது நொதித்தல் தானே நின்றுபோகும். 42.8 என்பது வாலையிலிட்டு வடித்தாலன்றி வாராது. ஔவை கையிலிருந்த கலத்தையும் தாட்குவளையில் இருக்கும் விசுக்கியையும் ஒன்றெனப் பேசுவது, அகல்விளக்கையும் காட்டுத்தீயையும் ஒன்றெனப் பேசுவது போன்றது. மற்றொன்று, நம்மவர் பலரும் கருதாதது. பண்டைத் தமிழ் மணத்தை விரித்துரைக்கும் அகநானூற்றுப் பாட்டு இரண்டு: 86, 136. எரியும் புரோகிதனும் இன்றித் தமிழர் மணம் நிகழ்ந்ததற்குச் சான்றாக நாம் மேடைதோறும் காட்டுவன அவையே. அவற்றில் பந்தல் இருக்கிறது, புதுமணல் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் நீராட்டி வாழ்த்துதல் ஒன்றில் இருக்கிறது, மண முழவு மற்றொன்றில் இருக்கிறது. உழுத்தங்களியும் பெருஞ்சோறும் ஒன்றிலும், இறைச்சியும் நெய்யும் கலந்த வெண்சோறு மற்றொன்றிலும் இருக்கின்றன. கள் இல்லை. இரண்டிலும் இல்லை. கள்ளைப் பாட நாணாத புலவர் மணத்தைப் பாடும்போது அதனைப் பாடவில்லை. இதனைக் கொண்டு மணத்தில் எவரும் உண்டதேயில்லை என்று முடிவுகட்ட நான் துணியேன். ஆனால் 'முன்னோர் வழக்கம்' என்று சொல்லி மணவீட்டுக்குள் புட்டியைக் கொண்டுவருவோர்க்கு இவ்விரு பாட்டும் துணை நில்லா என்பது உறுதி.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை எங்கே வைத்தார் என்பதையும் பாருங்கள். புலால் மறுத்தலை அறத்துப்பாலில், துறவறத்தில் வைத்தவர், இதனைப் பொருட்பாலில் வைத்தார். சூதுக்கு முன்னதாக, 93-ஆம் அதிகாரமாக. தனியொருவன் தூய்மை பற்றிய செய்தியாக அவர் இதனைக் கருதவில்லை. பொருளும் குடும்பமும் நாடும் அழியும் செய்தியாகக் கருதினார். கணக்காகவே பார்த்தார் என்று நான் சொல்வேன்.

அரசைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதாமலா இருக்கிறோம்! 1983-இல் தொடங்கிய வாணிகக் கழகத்தின் வழியாக, 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்திவருகிறது. 2023 ஏப்பிரலில், திருமணக் கூடங்களிலும் விளையாட்டரங்குகளிலும் சிறப்பு இசைவு பெற்று வெறிநீர் பரிமாறலாம் என்று ஒரு சட்டநெறித் திருத்தம் வெளிவந்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே, திருமணக் கூடங்களுக்கு அது பொருந்தாது என்று அரசு பின்வாங்கியது. அன்று கொதித்தெழுந்தவருள் நாமும் இருந்தோம். இருந்தது சரியே. ஆயின் நம் கூடங்களின் பின்னறைகளுக்கு எந்த அரசின் இசைவு வேண்டியிருந்தது? முன்வாயிலில் நின்று அரசை எதிர்த்த நாம், பின்வாயில் திறந்து கிடந்ததைப் பார்த்தும் பாராமல் இருந்தோம். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் இறங்கிய நாகம்மையாரும் கண்ணம்மையாரும் கடைவாயிலில் நின்றார்கள். இன்றோ நம் வீட்டுப் பெண்டிர் அறைவாயிலில் நிற்கிறார்கள். உள்ளே வறுவல் போதுமா என்று கேட்டு அனுப்புவதற்காக. மணமகளின் தாய் அக்கதவைப் பார்க்கும் பார்வையை ஒருமுறையேனும் கண்டவர்க்கு இதற்குமேல் நான் சொல்லவேண்டுவதில்லை.

மீண்டும் தம்பியிடம் வருகிறேன். "சரி, வாங்குவதே முடிவென்றால், அழைப்பிதழில் அதனையும் அச்சிடுவோம். 'இரவு 9 மணிக்குக் குடிவிருந்து' என்று தூய தமிழில் நானே எழுதித் தருகிறேன்" என்றேன். திடுக்கிட்டு, "ஐயா, அதை எப்படி அச்சிடுவது?" என்றான். 'பார்ட்டி' என்று ஆங்கிலத்தில் சொல்ல நாக் கூசவில்லை. 'நண்பர் செலவு' என்று பட்டியலில் எழுதக் கை கூசவில்லை. உள்ள பெயரைத் தமிழில் எழுதினால் மட்டும் கூசுகிறது. கடன்சொல் எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்! சொல்லைத் தூய்மை செய்வது வெறும் மொழிவேலை என்று நம்மை நகையாடுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஒன்று சொன்னான். அதில் உண்மை இருந்தது. "ஒன்றுமே இல்லையென்றால் இரவு 9 மணிக்குமேல் அவர்கள் என்ன செய்வார்கள், ஐயா? நீங்களெல்லாம் பேசி முடித்துப் போய்விடுவீர்கள்." ஆம், போய்விடுகிறோம். ஒன்றரை மணி நேரம் வாழ்த்துரை என்ற பெயரில் அவர்களை உட்காரவைத்துவிட்டு, அவர்களுக்கென்று ஒன்றும் வைக்காமல் போய்விடுகிறோம். இளைஞர் இரவெல்லாம் கூடிக் களித்திருக்க விரும்புவது குற்றமா? பறையும் சிலம்பமும் பாட்டும் நம்மிடம் இல்லையா? 45,000 உருவாவில் நல்லதொரு பறைக்குழுவை வரவழைத்து, நள்ளிரவில் எல்லார்க்கும் சூடாக இடியாப்பமும் ஆட்டுக்கால் குழம்பும் போட்டு, தொலைவிலிருந்து வந்தவர்க்குப் பாயும் தலையணையும் கொடுத்து, திருக்குறள் கைந்நூலும் கொடுத்தாலும் கையில் மிஞ்சும் என்று அங்கேயே இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். வாழ்த்துரைஞர் எண்ணிக்கையை ஏழிலிருந்து இரண்டாகக் குறைக்கவும் ஒப்புக்கொண்டேன். அது எனக்குச் சற்றே வலித்தது.

எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். மணமகனின் தாய்மாமன், அச்செலவு தாம் செய்யும் சீர் என்று சொல்லி, அதனை மறுப்பது தம்மையே மறுப்பதாகும் என்று பிடிவாதமாக இருக்கிறார். நண்பர் இருமுறை அவர் வீட்டிற்குப் போய்வந்தார். உடன்பிறந்தானுக்கும் கணவனுக்கும் இடையில் அவர் மனைவி அழுதுகொண்டிருக்கிறார். சீராக எதையேனும் செய்தே தீரவேண்டுமென்றால் அந்த 60 பேரையும் மறுநாள் ஊர்சேர்க்க ஒரு பேருந்து பிடித்துத் தாருங்கள் என்று நான் எழுதியிருக்கிறேன். இதனை எழுதும் நாள்வரை மறுமொழி வரவில்லை.

அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. நான் முன்னாள் மாலையே சென்று மறுநாள் பகல்வரை அங்கேயே இருப்பதாகத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். இம்முறை 7 மணிக்கு எழுந்து வருவதாக இல்லை. மாலைகளையும் முன்னாளே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடும்படி சொல்லியிருக்கிறேன்.